வெள்ளிக்கிழமை விடுமுறைக்காரர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஊரே ஓய்ந்திருக்கும்போது வேலைக்குப் போய், வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கிறவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பொது நூலகத்துறையின் கிளை நூலகர்கள்தான் அவர்கள். திருவண்ணாமலை போன்ற ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் கொஞ்சம் வேலை கூடும். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் நாளிதழுக்கு வரிசை கட்டுவார்கள். கிரிவலத்துக்கு வந்தவர் ஒருவர் தலபுராணம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒரே ஆள்.

இந்த நாற்காலிக்கு வரும் வழி எளிதாகத்தான் தொடங்குகிறது. பள்ளிப் படிப்போடு நூலக அறிவியலில் சான்றிதழ் பெற்றால் ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை நூலகர் பணிகளுக்கு முயலலாம். பட்டம் முடித்தவர்களுக்கு பி.எல்.ஐ.எஸ்., அதற்கு மேல் எம்.எல்.ஐ.எஸ். கல்லூரி நூலகராக விரும்புகிறவர் பொதுவாக நெட் அல்லது செட் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும். மாவட்ட நூலக அலுவலர் போன்ற பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. படிகள் தெளிவாக இருக்கின்றன. ஏறுவதுதான் மெதுவாக நடக்கிறது. ஊர்ப்புற நூலகர்கள் குறைந்த ஊதியத்தில், பதவி உயர்வு கேட்டுக் காத்திருந்த ஆண்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக மக்களிடம் வாங்கப்படும் மாநிலத்தில் இது பெருமைக்குரிய செய்தி அல்ல.

இந்தத் தொழிலின் தலைமகனே முதலில் இதிலிருந்து தப்பிக்கப் பார்த்தவர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் கணித ஆசிரியர். நூலகம் பற்றிய பயிற்சி எதுவும் இல்லாமல், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் அந்தத் தலைப்பிலிருந்த கட்டுரையைப் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போனாராம். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத அந்த அறை அவரைச் சில நாளிலேயே விரட்டியது. வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று பழைய கல்லூரியின் வாசலில் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். படிக்க ஆளே இல்லாத சென்னை அலமாரிகளுக்கும், தொழிலாளியும் குழந்தையும் உரிமையோடு நுழையும் இங்கிலாந்து நூலகங்களுக்கும் உள்ள தூரம் அவரை உலுக்கியது. 1925இல் திரும்பியவர் பிறகு கணிதத்தைத் தேடிப் போகவில்லை. 1931இல் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’, 1933இல் கோலன் பகுப்பு முறை, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கு அடித்தளம் என்று அவர் பயணம் நீண்டது. திருமணம் நடந்த அன்று மதியமே நூலகத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார் என்றொரு கதையும் உண்டு. இதை மட்டும் இன்றைய நூலகர்கள் பின்பற்ற வேண்டாம்.

ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதன் பொருளைத் திருவண்ணாமலையில் வைத்துப் பார்த்தால் விளங்கும். நூறு வருடத்துக்கு முந்தைய ஊர் நிலவரம் வேண்டும் என்று ஓர் ஆய்வு மாணவி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டம் உருவானது 1989இல். அதற்கு முன் வட ஆற்காடு. அதை நம்பி வட ஆற்காட்டின் பழைய மாவட்டக் கையேட்டை எடுத்துக் கொடுத்தால் அவர் நாள் முழுக்கப் புரட்டியும் ஏமாந்துதான் போவார். ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தாலுகா நெடுங்காலம் தென்னாற்காட்டில் இருந்தது, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வந்த தென்னாற்காடு கெசட்டியரில்தான் இவ்வூர் இருக்கிறது. கோயில் கல்வெட்டு என்று கேட்டால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தொகுதிகளைக் காட்ட வேண்டும். இந்த விவரங்கள் எந்தச் சான்றிதழ்ப் படிப்பின் பாடத்திலும் வராது. மேசைக்கு வரும் கேள்விகளைத் துரத்தித் துரத்தித்தான் இவை சேரும். பதவி உயர்வு ஆணை வராத வருடங்களிலும் ஒரு நூலகர் வளர்வது இப்படித்தான்.

இதே ஊரில் நூலகர் பட்டம் இல்லாமலே அந்த வேலையைச் செய்தவர் ரமண மகரிஷி. ஆசிரமத்தின் பழைய கூடத்தில் அவர் அமர்ந்த சோபாவின் பக்கத்தில் சுழலும் புத்தக அலமாரி இருந்தது. கிழிந்த புத்தகங்களைத் தாமே தைத்து ஒட்டி பைண்டு செய்வார், அச்சுப்படி திருத்துவார். யாராவது சந்தேகம் கேட்டால் புத்தகத்தை வரவழைத்து, உரிய பகுதியை எடுத்துக் காட்டச் செய்வதை தேவராஜ முதலியாரின் 1945–47 நாட்குறிப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அரசுப் பணியில் உச்சிவரை போனவர்களும் உண்டு. கன்னிமாரா நூலகராக இருந்த வே. தில்லைநாயகம், 1972இல் பொது நூலகத்துறைக்குத் தனி இயக்ககம் அமைந்தபோது அதன் முதல் இயக்குநரானார். பதவியின் பின்னால் போகாதவர் பாலம் கல்யாணசுந்தரம். ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்தபடியே சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவந்த அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்று புதிதாகச் சேரும் இளைஞர் கோஹா போன்ற நூலக மென்பொருளையும், பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் முறையையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. அதைவிடப் பழைய வேலையொன்று அப்படியே காத்திருக்கிறது: நூற்பட்டியல். யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து, பின்னர் இங்கிலாந்தில் குடியேறிய என். செல்வராஜா, ஈழத்தவரின் தமிழ் நூல்களை ‘நூல்தேட்டம்’ என்ற பெயரில் தொகுதிக்கு 1000 நூலாக, 2002 முதல் குறிப்புகளோடு பட்டியலிட்டார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்த பிறகு என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்று கேட்பவர்களுக்குக் கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே. திருவண்ணாமலை மாவட்டத்தில் அச்சான நூல்களுக்கு, செங்கம், போளூர், ஆரணி வட்டாரத் தலபுராணங்களுக்கு, ஜவ்வாது மலை பற்றி எழுதப்பட்டவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டுமென்றால், எந்த இயக்குநரின் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்த வாரமே தொடங்கலாம்.