உணவகச் சிப்பந்திகளுக்கு நியமனக் கடிதம்

நமது கிராமங்களிலிருந்து இளைஞர் பலர் நகரத்து ஹோட்டல்களுக்குப் பரிமாறும் வேலைக்குச் செல்கின்றனர். "மாதம் இவ்வளவு சம்பளம், சாப்பாடும் தங்க இடமும் உண்டு" என்னும் வாய்ச்சொல்லை நம்பியே பலர் புறப்படுகின்றனர். மாத முடிவில், உடைந்த தட்டுக்கும் உண்ட சோற்றுக்கும் பிடித்தம் போக மிஞ்சியது கைக்கு வரும்பொழுதுதான் தகராறு எழுகின்றது. சொன்ன சொல்லுக்குச் சாட்சி இல்லாமையே இதற்குக் காரணம். நியமனக் கடிதமே அச்சாட்சியாகும்.

2020 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 ஆம் நாள் அமுலுக்கு வந்தது. பத்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில், ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் வழங்குதல் முதலாளியின் கடமை என்று அது விதிக்கின்றது. முன்னரே கடிதமின்றி வேலையிலிருப்போரும் இதற்கு உரியவரே. நமது ஊர்ச் சாலையோரத்தில் சிறு உணவுக் கடை நடத்துவோரும் கடிதம் கொடுத்து வைப்பது பிற்கால வழக்கைத் தவிர்க்கும்.

கடிதத்தில் கீழ்க்கண்டவை தெளிவாக இருத்தல் வேண்டும்:

1. முதலாளி, சிப்பந்தி ஆகியோரின் பெயர், முகவரி, வேலையின் பெயர், சேரும் நாள், தகுதிகாண் காலம் இருப்பின் அதன் அளவு. அக்காலத்திற்கும் ஊதியம் உண்டு.

2. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவை தனித்தனியே. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்திற்குக் குறைவாக எழுதிக் கையொப்பமிட்டாலும் அது செல்லாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும்.

3. வேலை நேரம், வார விடுமுறை. வாரத்திற்கு 48 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் உண்டு.

4. உணவும் தங்குமிடமும் இலவசமா, பிடித்தம் உண்டா என்பது.

5. பொருள் சேதத்திற்குப் பிடித்தம் செய்யும் முறை. சிப்பந்தியின் பொறுப்பில் விடப்பட்ட பொருள் அவரது கவனக்குறைவால் சேதமுற்றிருத்தல் வேண்டும். அவர் தமது சமாதானத்தைக் கூறவும் வாய்ப்பளிக்க வேண்டும். அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தை மீறலாகாது.

6. வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் அரசுக் காப்பீடு ஆகியவற்றின் விவரம். முன்னது 20 பேர், பின்னது 10 பேர் வேலை செய்யும் இடங்களுக்கு உரியது. காப்பீட்டுக்குரிய ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய்.

7. வேலையிலிருந்து நீங்கவோ நீக்கவோ எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது.

சிப்பந்திக்குப் புரியும் மொழியில் இரு பிரதிகள் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒன்றைச் சிப்பந்தியிடம் தருதல் முறை. பள்ளிச் சான்றிதழின் நகலைக் கொடுத்தால் போதும். மூலத்தை ஒப்படைக்க வேண்டாம். 14 வயது நிரம்பாத சிறுவரை வேலைக்கு வைப்பது குற்றமாதலால் வயதுச் சான்றும் அவசியம்.

வெளியூர் வேலைக்குப் புறப்படும் இளைஞரிடம் "கடிதம் கையில் உண்டா?" என்று ஊராட்சி அங்கத்தினர்கள் கேட்டறிதல் நலம். இல்லையெனில் கேட்டுப் பெறச் செய்வோமாக. மறுக்கப்பட்டால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிட வழிகாட்டுவதும் நமது கடமையே.