பழைய மடிக்கணினி பழுதானதா?

நன்றாக ஓடும் மடிக்கணினியைக்கூடப் ‘பழையது’ என்று ஒதுக்குகிறார்களே, ஏன்?

கணினியின் உறுப்புகளை ஒருங்கே நடத்துவது இயக்க அமைப்பு என்னும் மென்பொருள். அத்தகைய விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்டது. இரகசியத் திறவுகோல்களைக் காக்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும், தன் பட்டியலில் இடம்பெற்ற செயலியும் கணினியில் இருக்க வேண்டும் என்றது. பல பழைய கணினிகள் இதில் தேறவில்லை. அவை விண்டோஸ் 10-இலேயே தங்கின. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது.

அன்றே அவை ஓடாமல் நின்றனவா? இல்லை. மென்பொருளில் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைத்துத் தரும் பணிதான் நின்றது. தனியே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அது நீட்டிக்கப்பட்டது. அடைபடாத ஓட்டை வழியே கள்ள நிரல் நுழையலாம் அல்லவா?

லினக்ஸ் போன்ற இலவச இயக்க அமைப்பை நிறுவினால், இத்தகைய கணினிகளில் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். வீசியெறியுமுன் இதை முயன்று பாருங்கள்!