கல்பாக்கத்துப் பச்சைச் சிப்பி

வால்வு என்றால் நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு கேட் வால்வும் குளோப் வால்வும்தான் ஞாபகம் வரும். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குத் தலைவலி கொடுத்த வால்வு வேறு. அது பச்சைச் சிப்பி. விஞ்ஞானப் பெயர் பெர்னா விரிடிஸ்.

குளிர்விக்கும் கடல்நீருக்காக அங்கே கடலுக்கடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வெட்டினார்கள். தண்ணீரோடு வரும் சிப்பிக் குஞ்சுகள் சுவரில் நூல்விட்டு ஒட்டி வளரும், நீரோட்டம் அடைபடும். குளோரின் கலந்தால் செத்துப்போகாதா என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கு.

குளோரின் பட்டதும் சிப்பி ஓட்டை இறுக்கி மூடிவிடும். மூடுதசையின் ஒரு பகுதி, பூட்டுப் போட்ட மாதிரி, மிகக் குறைந்த சக்தியிலேயே பிடித்து நிற்கும். உள்ளே ஆக்சிஜன் தீரத் தீர இதயத் துடிப்பு குறையும். சேமித்த கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலே சிதைத்துக் காலம் தள்ளும். வேகமாக ஓடினால் நம் தசையில் லாக்டிக் அமிலம் சேருமே, சிப்பிக்கு வழி வேறு. பெரும்பாலும் அலனின், சக்சினேட் என்று முடியும். அதில் கொஞ்சம் கூடுதல் சக்தியும் மிச்சம். அமிலம் ஏறினால் ஓட்டுச் சுண்ணாம்பையே கரைத்துச் சமன் செய்யும். குடியிருக்கிற வீட்டுச் சுவரைச் சுரண்டித் தின்கிற கதைதான்!

மழைக்காலத்தில் கடலில் உப்பு குறைந்தாலும் முதலில் மூடத்தான் செய்யும். அது நீடித்தால், செல்களிலுள்ள அமினோ அமிலங்களைக் குறைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தண்ணீர் ஏறிச் செல்கள் உப்பிவிடும்.

ஆகவே நீண்ட இடைவெளி விட்டுக் குளோரின் கொடுத்தால் பலன் குறைவு. இடைவெளியில் திறந்து, மூச்சுவிட்டு, சாப்பிட்டுத் தேறிவிடும். அளவை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. அந்தத் தண்ணீர் திரும்பக் கடலுக்குத்தானே போகுது? குறைந்த அளவில் விடாமல் கொடுத்தால், திறக்க வழியின்றிச் சேமிப்பு தீர்ந்து சாகும். பெரிய சிப்பிக்கு அதற்கே பல நாள் பிடிக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம்.