உங்களுக்குத் தெரியுமா? மலைக்கிராமத்தில் குடியிருந்த நர்ஸ்

1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், மனநலச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகளைக் கவனித்துவந்தார் மடலின் லைனிங்கர் என்ற நர்ஸ். வெவ்வேறு பண்பாடுகளிலிருந்து வந்த குழந்தைகள் வெவ்வேறு விதமான பராமரிப்பை எதிர்பார்த்தார்கள். படித்த உளவியல் இதற்குக் கைகொடுக்கவில்லை. அதனால் மானுடவியல் படிக்கப் போனார். அத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் நர்ஸாக அறியப்படுபவர் இவர்தான்.

அந்தப் படிப்புக்காக 1960-களின் தொடக்கத்தில், இன்றைய பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைப்பகுதியில் காட்சப் மக்களோடு தங்கினார். கேள்வித்தாளை நீட்டி டிக் அடிக்கச் சொல்லும் வேலையல்ல இது. கூடவே இருந்து பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், அன்றன்றே எழுதிவைக்க வேண்டும்.

பின்னாளில் ஆய்வாளர்களுக்கு அவர் ஒரு வழிகாட்டி தந்தார். தாம் இன்னும் அந்நியர்தானா, நம்பிக்கையான நண்பராகிவிட்டோமா என்று அவர்களே சோதித்துக்கொள்வதற்கு. ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள்தான் ஆய்வாளரை ஆராய்வார்கள். பதில்கள் பட்டும்படாமல் வரும். (வாசலில் நிற்கும் கணக்கெடுப்புக்காரரிடம் நாம் பேசுவதும் அப்படித்தானே!) பழகிய பிறகே உள்விஷயம் வெளியே வரும். தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்தவும் செய்வார்கள்.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'எத்னோநர்சிங்'. இன்று இதுபோன்ற கள ஆய்வு மருத்துவமனை வார்டுகளிலும் நடக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்தவரிடம் எதைக் குறிப்பேட்டில் எழுதித் தருகிறார், எதை வாய்மொழியாக மட்டும் சொல்கிறார் என்பதைக்கூட ஆய்வாளர்கள் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்கிறார்கள்.