மண்ணுக்கு ஒரு போர்வை
வறண்ட நிலத்தில் உருளைக்கிழங்கு விளையும் விதம்

பயிருக்கு உயிர் நீர். மழை மிகுந்த நாட்டில் வாழும் நமக்கு இதன் அருமை எளிதில் புலப்படுவதில்லை. தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சீன நாட்டின் வடமேற்கே, கான்சு மாநிலத்திலுள்ள டிங்சி வட்டாரத்திலோ ஆண்டு மழை சுமார் 400 மில்லிமீட்டர்தான். அம்மழையை நம்பியே அங்குள்ள உழவர்கள் உருளைக்கிழங்கு பயிரிடுகின்றனர். இஃது எவ்வாறு இயலுகிறது? மண்ணை மூடிக் காப்பதே அதற்குரிய வழிகளுள் முதன்மையானது. இதனை 'மூடாக்கு' என்பர்.

வானம் தருவதும் வெயில் பறிப்பதும்

டிங்சியில் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் விதைக்கிழங்கு நடுவர். ஆனால், மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையே பெய்கிறது. இளஞ்செடி ஏற்கெனவே மண்ணில் தங்கியுள்ள ஈரத்தைக் கொண்டே உயிர் பிழைக்க வேண்டும். அவ்வீரத்தையோ வெயிலும் காற்றும் நாள்தோறும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

உருளைக்கிழங்கு என்பது வேர் அன்று. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து உண்டாவது. இச்செடியின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. ஆதலால், மேல்மண் காய்ந்தவுடனே செடி வாடத் தொடங்கும். கிழங்கு பிடிக்கும் பருவத்தில் ஈரம் குறைந்தால் கிழங்குகளின் எண்ணிக்கை குறையும்; பருக்கும் பருவத்தில் குறைந்தால் அவை சிறுத்துப்போகும். ஓராண்டு விளைச்சல் பொய்த்தால், குடும்பத்தின் உணவும் வருமானமும் ஒருங்கே பொய்க்கும்.

1995-ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பின், கான்சு அரசாங்கம் குடும்பந்தோறும் மழைநீரைச் சேமிக்க நிலத்தடித் தொட்டிகள் அமைக்க உதவியது. ஆயினும், அத்தொட்டி நீர் குடிப்பதற்கும் சிறு துண்டு நிலத்திற்குமே போதும். எஞ்சிய வயலுக்கு மூடாக்கே துணை.

வைக்கோல் செய்யும் வேலை

மூடாக்கு மழையைக் கூட்டுவதில்லை. பெய்த மழை வீணாகாமல் காக்கிறது. கோதுமை வைக்கோலை மண்மீது பரப்பினால் வெயிலும் காற்றும் மண்ணை நேராகத் தாக்குவதில்லை. மழைத்துளி மண்ணை அறைந்து இறுகச் செய்வதும் இல்லை. நீர் மெல்ல உள்ளே இறங்குகிறது. கோடை வெயிலில் மண் குளிர்ந்திருப்பதால் கிழங்கு நன்கு பருக்கிறது. இறுதியில் வைக்கோல் மக்கி உரமாகிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. குளிர் நீங்காத இளவேனிற் காலத்தில் வைக்கோலைப் பரப்பினால், மண் சூடேறுவது தாமதமாகி முளையும் தாமதமாகும். மேலும், வைக்கோல் கால்நடைகளுக்குத் தீனியாகவும் அடுப்புக்கு எரிபொருளாகவும் தேவைப்படுகிறது. ஆகவே, பல உழவர்கள் பிளாஸ்டிக் தாளை நாடினர்.

மேடும் சாலும்

நிலத்தை நீளமான மேடுகளாகவும் அவற்றிடையே சால்களாகவும் அமைத்து, மேடுகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடுவது ஒரு முறை. இதன் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் தூறல் வெறும் நிலத்தில் விழுந்தால், அதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். மேட்டின் அகலம் இரண்டு பங்கு, சாலின் அகலம் ஒரு பங்கு எனக் கொள்வோம். மேட்டில் விழும் நீரும் வழிந்து சாலைச் சேர்வதால், சாலின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 15 லிட்டர் கிடைக்கும். அந்நீர் வேர்வரை இறங்கும். தாள் மண்ணுக்கு வெப்பமும் தருவதால் முளை விரைவில் வெளிவரும்.

மண்ணில் தங்கும் குப்பை

எனினும், பிளாஸ்டிக் மக்குவதில்லை. மெல்லிய தாள் அறுவடையின்போது கிழிந்து துண்டு துண்டாக மண்ணில் தங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் சேரும் துண்டுகள் வேரையும் நீரையும் தடுக்கின்றன. விளைச்சலைப் பெருக்க வந்த தாளே பிற்காலத்தில் நிலத்தைக் கெடுக்கக்கூடும். எனவே, தாளின் தடிப்பு 0.01 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது எனச் சீன அரசாங்கம் 2018 முதல் விதித்தது. தடித்த தாளைக் கிழியாமல் திரட்டி எடுப்பது எளிது. இன்றைய பயனுக்காக நாளைய மண்ணை இழக்கலாகாது என்பதே இதன் கருத்து.

நமக்கு இதில் என்ன பயன்?

உருளைக்கிழங்குக்குக் குளிர்ச்சி தேவை. தோட்டப்புறத்து வெப்பத்தில் அது செழிப்பதில்லை. ஆனால், மண்ணை மூடிக் காக்கும் கருத்து நமக்குப் புதிதன்று. இளம் ரப்பர் மரங்களின் வரிசைகளுக்கிடையே பயற்றினக் கொடிகளைப் படரவிடுவதும் மண்ணரிப்பைத் தடுத்து வளத்தைக் காப்பதற்கே.

வட மாநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டிருக்கும். அப்போது வீட்டுத் தோட்டத்துக் கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றுக்கு மூடாக்கு இடலாம். அதற்குரிய முறை வருமாறு:

1. முதலில் களையெடுத்து, மண் நனைய நீர் ஊற்றுக.
2. காய்ந்த புல்லையோ சருகையோ இரண்டு அங்குலத் தடிப்பில் பரப்புக. விதை முற்றிய புல்லும், லாலாங் புல்லின் கிழங்கும் கலவாமல் பார்த்துக்கொள்க.
3. செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுக. இன்றேல் தண்டு அழுகக்கூடும்.
4. மழைக்காலத்தில் மூடாக்கைக் குறைத்திடுக. நத்தைகள் அதனடியில் தங்கும்.

இதற்குப் பணச் செலவு இல்லை. கூட்டிக் கொளுத்தும் சருகே போதும். நாள்தோறும் வேலை முடிந்து களைத்து வந்து நீர் சுமக்கும் குடும்பத்தினருக்கு ஒருசில வாளி நீராவது மிச்சமாகும். ஆகவே, சருகை எரிப்பதை விடுத்து, அதனை மண்ணுக்குப் போர்வையாக்கிப் பயன் பெறுவோமாக.