பெட்டியைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குங்கள்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைக்குக் கடை ஒலிபெருக்கி முழங்கும். அங்கே தெருவுக்குச் சத்தம் எட்டினால் போதும். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் வீட்டில் தனித்தனியே காதில் விழ வேண்டுமென்றால், ஸ்பீக்கரின் வகை தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் வகுத்த வழியில் இயங்குபவை. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதோடு ஒட்டிய கூம்பு. மின்னோட்டம் மாற மாறக் கூம்பு முன்னும் பின்னும் அசையும். முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் இழுக்கும். இரண்டும் கலந்தால் பேஸ் ஒலி அடிபட்டுப் போகும். ஆகவே பின்னொலியை என்ன செய்வது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

எட்கர் வில்ச்சர் 1954-இல் அந்தப் பின்னொலியைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்தார். சிறிய பெட்டியிலேயே சுத்தமான பேஸ் கிடைத்தது. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு வலு வேண்டும். துளையுள்ள பெட்டியோ பின்னொலியைப் பயன்படுத்திக்கொள்கிறது: காலி பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலிபோல, துளைக் குழாயிலுள்ள காற்று அதிர்ந்து பேஸைக் கூட்டும். 1957-இல் வந்த குவாட் நிலைமின் (எலக்ட்ரோஸ்டேடிக்) ஸ்பீக்கருக்குப் பெட்டியே இல்லை. மெல்லிய படலம் இருபுறமும் ஒலிக்கும். குரலும் வீணையும் துல்லியம், பேஸ் குறைவு, பின்சுவரிலிருந்து தள்ளி வைக்க இடமும் வேண்டும். பால் கிளிப்ஷின் ஹார்ன் ஸ்பீக்கர் அறையின் மூலைச் சுவர்களையே குழலின் நீட்சியாக்கியது; சில வாட்டிலேயே ஹால் நிறையும்.

நம் வரிசை வீடுகளின் அகலம் பெரும்பாலும் 20, 22 அடி. 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளமோ சுமார் எட்டரை மீட்டர், அதாவது 28 அடி. இவ்வளவு நீண்ட அலைகள் சுவர்களுக்கிடையே மோதிச் சில சுரங்களை மட்டும் ஊதிப் பெருக்கும். பொதுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆகவே சின்ன ஹாலுக்கும் அடுக்குமாடிக்கும் மூடிய பெட்டியே தோது. பின்பக்கத் துளையுள்ளதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் குமுறும்.

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் போன்ற இடங்களில் பழைய ஸ்பீக்கர் தேடுவோர் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். நுரை விளிம்பு நம் ஈரக்காற்றில் நைந்து உதிரும், ரப்பர் தாங்கும். உதிர்ந்தாலும் ஒதுக்க வேண்டாம். விளிம்பை மட்டும் மாற்றலாம். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.