பூச்சாடிக்குள் பல பருவங்கள்

பூச்சாடி ஓவியம் என்றால் வரவேற்பறைச் சுவருக்கு ஓர் அலங்காரம் என்று எண்ணி நம்மில் பலர் கடந்து போய்விடுகிறோம். மனிதர் இல்லை, கதை இல்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நிறைய இருக்கிறது என்பேன். ஓர் ஓவியத்தைக் கொண்டே அதை விளக்க முயல்கிறேன்.

ஹாலந்தில், ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் கலைக்கூடத்தில் அந்த ஓவியம் இருக்கிறது. அம்ப்ரோசியஸ் போஸ்கார்ட் என்பவர் ஏறக்குறைய 1618-இல் தீட்டியது. மேலே வளைந்த ஒரு சாளரம், அதன் திண்டில் கண்ணாடிச் சாடி, சாடி நிறையப் பூக்கள், அருகே கடற்சங்குகள், பின்னால் நீலம் படர்ந்த வெளி.

முதலில் அழகு நம்மை ஈர்க்கும். சற்றே சிந்தித்தால் ஒரு புதிர் தோன்றும். இப்பூக்கள் எல்லாம் ஒரே பருவத்தில் மலர்வன அல்ல. அந்நாட்டில் டியூலிப் இளவேனிலில் பூக்கும். ரோஜாவோ கோடையில்தான் மலரும். ஆகவே, இப்படியொரு கொத்து எந்த மேசையிலும் இருந்ததில்லை! அக்கால ஓவியர்கள் ஒவ்வொரு பூவையும் அதன் பருவத்தில் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒன்றாகச் சேர்த்தார்கள். அவர்களுக்குப் பின்வந்த யான் வான் ஹாய்சம், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஓர் ஓவியத்தை முடிக்க இயலவில்லை என்று 1742-இல் கடிதம் எழுதினார். ஒரு பூவுக்காக அடுத்த பருவம் வரை காத்திருக்கும் பொறுமை அது.

இனி இலைகளை உற்றுப் பாருங்கள். பூச்சி அரித்த துளைகள் தெரியும். குறையற்ற இலையை வரையத் தெரியாதவரா அவர்? அழகும் அழிவும் ஒரே காம்பில் இருப்பதை மறைக்க அவர் விரும்பவில்லை என்றே நான் கருதுகிறேன்.

வரியோடிய டியூலிப் மலர்களில் அந்த உண்மை இன்னும் ஆழமாக இருக்கிறது. அத்தகைய மலர்களின் கிழங்குகளுக்கு ஹாலந்தில் விலை வானளவு ஏறி, 1637-இல் திடீரெனச் சரிந்தது. மக்கள் மயங்கிய அந்த வண்ண வரிகள் ஒரு நோயின் அடையாளம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் கிழங்கை நலியச் செய்யும். இதழிலோ கோலம் வரையும். போஸ்கார்ட் இதை அறியார். ஆயினும் அவர் கண் கண்டது பொய்யன்று.

வாடும் பூவை வாடாமல் நிறுத்துவது மட்டும் இக்கலையின் வேலை அன்று. வாடும் என்று தெரிந்தே பூவை விரும்புவது எப்படி என்பதையும் அது சொல்லித் தருகிறது. நண்பர்களே, அடுத்த முறை ஒரு பூச்சாடி ஓவியத்தைக் கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்தப் பூ எப்போது பூக்கும் என்று கேளுங்கள். ஓவியம் பேசத் தொடங்கும்.